கையெழுத்திட்ட மூன்றே வாரத்தில் பதவி போன அமைச்சர்: ஃபெர்னாண்டோ மொரான்

"ஸ்பெயினில் வெளியுறவு அமைச்சர்கள் பலர் முன்னாள் தூதரக அதிகாரிகளாமே, அது எப்படி? அப்படி வந்த ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தீர்கள்.

பலர் என்பது உண்மைதான். 1976-இல் அமைச்சரான மார்செலினோ ஒரேஹா, அவருக்கு அடுத்து வந்த பெரெஸ் யோர்க்கா, 1995-இல் கார்லோஸ் வெஸ்டன்டார்ப், 2004-இல் மிகேல் ஆங்கல் மொராத்தினோஸ், 2016-இல் அல்போன்சோ தாஸ்திஸ், 2021 முதல் ஹோசே மனுவேல் அல்பாரெஸ் எல்லாருமே தூதரகப் பணித் தேர்வு எழுதி உள்ளே வந்தவர்கள். அந்நாட்டில் அமைச்சராக நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பிரதமர் பெயர் சொன்னால் மன்னர் நியமிப்பார். அரசுப் பணியில் இருப்பவர் அமைச்சரானால் பணியிடமும் போகாது; சிறப்புப் பணி என்ற கணக்கில் அப்படியே இருக்கும், பதவி முடிந்ததும் திரும்பிப் போய் ஒரு தூதரகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதனால் அதிகாரிக்கும் அரசியலுக்கும் இடையே உள்ள கதவு அங்கே இரண்டு பக்கமும் திறக்கும்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் ஃபெர்னாண்டோ மொரான். 1982 டிசம்பர் முதல் 1985 ஜூலை வரை அமைச்சர். இரண்டரை ஆண்டுதான். ஆனால் ஸ்பெயின் இன்று நாம் பார்க்கும் ஸ்பெயினாக மாறிய இரண்டரை ஆண்டு அது. அதே காலத்தில் நாட்டில் அதிகம் கிண்டலடிக்கப்பட்ட மனிதரும் அவர்தான்.

1926 மார்ச்சில் வடக்கே அஸ்தூரியாஸ் பகுதியின் அவிலேஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். மாட்ரிட்டில் சட்டம் படித்தார், பாரிஸிலும் லண்டனிலும் மேற்படிப்பு. 1954-இல் தூதரகப் பணியில் சேர்ந்தார். அங்கே இந்த மாதிரி அரசுத் தேர்வுகளில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. பாடத்திட்டத்தில் உள்ள தலைப்புகளை வரிக்கு வரி மனப்பாடம் செய்து, நடுவர் குழுவுக்கு முன்னால் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒப்பிக்க வேண்டும். இதைத் தேர்வர்கள் 'பாடுவது' என்றே சொல்வார்கள். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி உச்சத்தில் இருந்த நேரம் அது. உலகம் ஒதுக்கி வைத்திருந்த ஒரு நாட்டின் பிரதிநிதியாக வெளிநாடு போவதென்றால், எந்த விருந்துக்குப் போனாலும் கொஞ்சம் சங்கடத்தோடுதான் போக வேண்டும்.

புவனஸ் அயர்ஸ், பிரிட்டோரியா, லிஸ்பன், லண்டன் என்று வேலை பார்த்தார். இவற்றில் அவரை வடித்தது தென்னாப்பிரிக்காவும் அந்தக் கண்டமும்தான் என்பேன். விடுதலை பெற்றுக்கொண்டிருந்த ஆப்பிரிக்க நாடுகளின் அரசியல் பற்றியும், கறுப்பின எழுத்தாளர்களின் இலக்கியம் பற்றியும் அறுபதுகளிலேயே தனித்தனியாக நூல்கள் எழுதினார். ஸ்பெயினில் அப்போது இந்த விஷயத்தை அறிந்தவர்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள். பிறகு அமைச்சகத்தில் ஆப்பிரிக்காவைக் கவனிக்கும் பிரிவுக்குத் தலைவரானார். நடுவில் நாவல்கள் வேறு எழுதினார். பகலில் பிராங்கோ அரசின் அதிகாரி, மாலையில் இடதுசாரி அறிவுஜீவி. இப்படி இரண்டு சட்டையும் போட்டுக்கொண்டு வாழ்ந்தவர்கள் அந்தத் தலைமுறையில் நிறையப் பேர். அவருடைய அரசியல் சகா பேராசிரியர் என்ரிக்கே தியர்னோ கால்வான். பிராங்கோ ஆட்சி பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே தள்ளிய மனிதர். இவர்கள் சேர்ந்து நடத்திய சிறிய சோஷலிஸ்ட் கட்சி, 1978-இல் ஃபெலிப்பே கொன்சாலெஸின் பெரிய சோஷலிஸ்ட் கட்சியில் கலந்தது.

மொரானின் பிற்கால விதியை விளங்கிக்கொள்ள இந்த ஒரு தகவலே போதும். கொன்சாலெஸின் செவில்யா நண்பர் வட்டத்தில் வளர்ந்தவரல்ல அவர், இணைப்பில் வந்து சேர்ந்தவர். பெண் கொடுத்த இடமும் எதிர்முகாம்! அவர் மனைவி, லெயோபோல்டோ கால்வோ சொத்தெலோவின் உடன்பிறந்தவர். அந்தக் கால்வோ சொத்தெலோதான் 1981, 1982-இல் வலது மையக் கட்சியின் பிரதமர். மச்சானும் மச்சினனும் ஒரே ஆண்டில், சில வார இடைவெளியில் பிறந்தவர்கள். ஒருவர் தம் ஆட்சியில் 1982 மே 30 அன்று ஸ்பெயினை நேட்டோவில் 16-ஆவது உறுப்பினராகச் சேர்த்தார். ஆறு மாதம் கழித்து, அதை ஏற்காத இன்னொருவர் வெளியுறவு அமைச்சராகி, சேர்த்ததை என்ன செய்வது என்று யோசிக்கும் இடத்தில் உட்கார்ந்தார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

பிறகு அஸ்தூரியாஸிலிருந்து செனட்டரானார். 1980-இல் 'ஸ்பெயினுக்கு ஒரு வெளியுறவுக் கொள்கை' என்ற பொருளில் கனமான நூல் ஒன்றை வெளியிட்டார். அமெரிக்காவுக்கு வால்பிடிக்காமல், ஐரோப்பாவில் காலூன்றி, லத்தீன் அமெரிக்காவோடும் அரபு உலகத்தோடும் தனக்கென ஒரு குரலோடு நடப்பது என்பது அதன் சாரம். 1982 அக்டோபர் தேர்தலில் சோஷலிஸ்ட் கட்சி 350-க்கு 202 இடங்களை அள்ளியது. நாற்பது வயது கொன்சாலெஸ் பிரதமர். ஐம்பத்தாறு வயது மொரான் அமைச்சர். பெரும்பாலும் இளைஞர்கள் நிறைந்த அந்த அமைச்சரவையில் இவர் ஒரு பெரியவர்.

வெளியுறவு அமைச்சகம் இருக்கும் சாந்தா குரூஸ் மாளிகை, 17-ஆம் நூற்றாண்டில் சிறைச்சாலையாகக் கட்டப்பட்டது. 28 ஆண்டுகள் அதன் மாடிப்படி ஏறி இறங்கிய ஒருவர் அமைச்சராக உள்ளே வரும்போது சாதகம் ஒன்று உண்டு: எந்தக் கோப்பு எந்த மேஜையில் தூங்குகிறது என்று தெரியும். முதல் இரண்டு வாரத்திலேயே அது தெரிந்துவிட்டது.

ஜிப்ரால்டர் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஸ்பெயினின் தெற்கு முனையில், 1713 உட்ரெக்ட் உடன்படிக்கையில் பிரிட்டனிடம் விட்டுக்கொடுத்த பாறை அது. 1969 ஜூனில் பிராங்கோ அரசு எல்லைக் கதவை இழுத்துப் பூட்டியது. அந்த முடிவின் பின்னால் நின்ற அமைச்சர் ஃபெர்னாண்டோ கஸ்தியேல்யாவுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: 'வெளி விவகார' அமைச்சர், ஒருமையில். அதாவது அவருக்கு ஜிப்ரால்டரைத் தவிர வேறு விவகாரமே கிடையாது என்று கேலி. கதவை மூடினார்கள், அல்ஜெசிராஸிலிருந்து போன படகையும் நிறுத்தினார்கள், தொலைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டது. எல்லையை ஒட்டிய ஸ்பானிய ஊரான லா லீனியாவில் ஒரு வீட்டுக்காரி. அவள் அக்கா பாறையில் இருப்பவனைக் கட்டிக்கொண்டவள். இருவருக்கும் இடையே நடந்தே போய்விடும் தூரம். நேரில் பார்க்க வேண்டுமானால் கடல் தாண்டி மொராக்கோவின் டாஞ்சியர் போய்ச் சுற்றி வர வேண்டும். அதற்குக் காசில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, பிறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டி, காற்று எதிர்த்து அடிக்கத் தொண்டை கிழியக் கத்திப் பேசிக்கொண்டார்கள். இப்படிப் பதின்மூன்று ஆண்டுகள்.

புதிய அரசு பதவியேற்றது டிசம்பர் 3. டிசம்பர் 14 நள்ளிரவு தாண்டியதும் கதவு நடந்து செல்பவர்களுக்குத் திறந்தது. பிரிட்டனிடம் பதிலுக்கு எதுவும் கேட்காமல், மனிதாபிமான நடவடிக்கை என்று சொல்லித் திறந்தார்கள். 'இலவசமாகக் கொடுத்துவிட்டார்' என்று வலதுசாரிப் பத்திரிகைகள் திட்டின.

ஆனால் அடுத்த ஆட்டத்தைப் பாருங்கள். ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேர வேண்டுமானால் இன்னொரு உறுப்பு நாட்டோடு உள்ள எல்லையைப் பூட்டி வைத்திருக்க முடியாது. வாகனம், சரக்கு எல்லாவற்றுக்கும் எப்படியும் திறந்தாக வேண்டும். எப்படியும் கொடுத்தே தீர வேண்டிய அதையே மொரான் விலை வைத்து விற்றார். 1984 நவம்பர் 27 பிரஸ்ஸல்ஸ் அறிக்கையில், இறையாண்மை பற்றியும் பேசுவோம் என்று பிரிட்டன் முதல் முறையாக எழுத்தில் ஒப்புக்கொண்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹவ். பதிலாக 1985 பிப்ரவரி 5 அன்று எல்லை முழுதாகத் திறந்தது. அதே நாள் ஜெனிவாவில் மொரான் தம் திட்டத்தை நீட்டினார்: கொஞ்ச காலம் கூட்டு ஆளுகை, அல்லது ஸ்பெயினுக்கு உரிமையை மாற்றிக் கொடுத்துவிட்டு பிரிட்டன் அதைக் குத்தகைக்கு வைத்திருப்பது. பிரிட்டன் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. 1993-இல்தான் 'முடியாது' என்றது. பழுத்த தூதரகக்காரரின் கை வேலை இதில் தெரிகிறது என்பது என் கருத்து. பலன் வரவில்லை என்றாலும் எதிராளியைப் பேச்சு மேஜைக்கு இழுத்தது பெரிய விஷயம்.

ஐரோப்பா இதைவிடக் கடினம். 1977-இல் விண்ணப்பித்து 1979-இல் பேச்சு தொடங்கி, 1980-இல் பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் போட்ட முட்டுக்கட்டையில் வண்டி நின்றிருந்தது. காரணம் எளிது. ஸ்பெயினின் தக்காளியும் ஆரஞ்சும் ஒயினும் எல்லை தாண்டி வந்தால் தெற்குப் பிரான்ஸ் விவசாயி தொலைந்தான். அவர்கள் நெடுஞ்சாலையில் ஸ்பானிய லாரிகளை மறித்துச் சரக்கைக் கொட்டிக் கொளுத்தினார்கள். கடலில் இன்னும் மோசம். 1984 மார்ச்சில் பிஸ்கே வளைகுடாவில் பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல் ஒன்று பாஸ்க் மீன்பிடிப் படகுகள் மீது சுட்டதில் மீனவர்கள் காயமடைந்தார்கள். அந்த வாரம் பிரான்ஸோடு பேச உட்கார்வதற்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

பாதை பாரிஸ் வழியாகத்தான் போகிறது என்று மொரான் முதலிலேயே கணித்திருந்தார். 1983 ஜனவரியில் இரு நாட்டு அமைச்சர்களும் பாரிஸுக்குப் பக்கத்தில் லா செல் சான் க்ளூவில் ஒன்றாக உட்கார்ந்து பேசும் வழக்கம் தொடங்கியது. தினசரிப் பேரத்தைச் சுமந்தவர் இணை அமைச்சர் மனுவேல் மரீன். முப்பத்து மூன்று வயதில் அந்த வேலையை ஏற்ற இளைஞர். பாராட்டில் பாதியையாவது அவருக்குக் கொடுக்காமல் எழுதுவது நியாயமாக இருக்காது. (இதே மரீன் பின்னாளில் ஐரோப்பிய ஆணையராகி, மாணவர்களுக்கான எராஸ்மஸ் திட்டத்தைக் கொண்டுவந்தார்.)

1985 மார்ச் கடைசியில் பிரஸ்ஸல்ஸில் இறுதி மாரத்தான். தலைமை தாங்கியவர் இத்தாலியின் ஆண்ட்ரியோட்டி. எதன் மீது சண்டை என்று நினைக்கிறீர்கள்? மீன். ஸ்பெயினின் மீன்பிடிக் கப்பல் அணி அத்தனை பெரியது. உள்ளே விட்டால் எங்கள் கடலைத் துடைத்து எடுத்துவிடுவார்கள் என்று மற்ற நாடுகளுக்குப் பயம். கடைசியில் ஒப்பந்தத்தில் கப்பல்களின் பெயர்ப்பட்டியலே இணைக்கப்பட்டது. மேற்குக் கடற்பகுதிக்கு மொத்தம் 300 கப்பல். ஒரே நேரத்தில் 150-க்கு மேல் நுழையக்கூடாது. அயர்லாந்தைச் சுற்றிய கடற்பகுதிக்குள் 1995 முடியும் வரை கால் வைக்கக்கூடாது. காய்கறி பழத்துக்குப் பத்தாண்டு, தொழிற்சாலைப் பொருளுக்கு ஏழாண்டு என்று காத்திருப்புக் காலங்கள். ராஜதந்திரம் என்றால் பட்டுக் கையுறையும் ஷாம்பெயினும் என்று நினைப்பவர்கள் அந்தப் படகுப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். மார்ச் 29 விடியற்காலையில் முடிந்தது.

1985 ஜூன் 12 காலை லிஸ்பனில் போர்ச்சுகல், மாலை மாட்ரிட் அரண்மனையின் தூண்கள் மண்டபத்தில் ஸ்பெயின். கையெழுத்திட்டவர்கள் கொன்சாலெஸ், மொரான், மரீன், தூதர் கப்ரியேல் ஃபெர்ரான். அன்றைக்கே பாஸ்க் பகுதிக்குத் தனிநாடு கேட்ட ஈட்டா ஆயுத இயக்கம் மாட்ரிட்டில் கொலைகள் செய்தது. விழா நடந்தது, ஆனால் யார் முகத்திலும் முழுச் சிரிப்பு இல்லை.

மூன்று வாரம் கழித்து, ஜூலை முதல் வாரத்தில், அமைச்சரவை மாற்றம். மொரான் வெளியே. பிரான்சிஸ்கோ ஃபெர்னாண்டஸ் ஓர்டோனியெஸ் உள்ளே.

ஏன்? விடை நேட்டோ. 1982 தேர்தலில் சோஷலிஸ்டுகளின் முழக்கம் 'நேட்டோ, எடுத்த எடுப்பில் வேண்டாம்'. ஸ்பானிய மொழியில் இது சாமர்த்தியமான சொற்றொடர். 'நுழையவே வேண்டாம்' என்றும் படிக்கலாம், 'இப்போதைக்கு வேண்டாம்' என்றும் படிக்கலாம். மொரான் முதல் பொருளுக்குப் பக்கமாக இருந்தார். பதவியேற்ற டிசம்பரிலேயே, ராணுவக் கட்டமைப்போடு இணைவதை நிறுத்தி வைக்கிறோம் என்று நேட்டோ கூட்டத்தில் அறிவித்தார். கொன்சாலெஸோ பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்த சில மாதங்களிலேயே இரண்டாவது பொருளுக்கு நகர்ந்துவிட்டார். 1983 மேயில் ஜெர்மனியின் பான் நகரத்துக்குப் போய், அமெரிக்க ஏவுகணைகளைத் தன் மண்ணில் நிலைநிறுத்தும் முடிவில் ஜெர்மனியோடு ஒருமைப்பாடு தெரிவித்தார். சான்சலர் ஹெல்முட் கோல் அதை மறக்கவில்லை. ஸ்பெயினுக்கு ஐரோப்பியக் கதவு திறக்கக் கோல் கொடுத்த அழுத்தம் முக்கியக் காரணங்களில் ஒன்று. இந்தக் கணக்கு மொரானுக்குப் புரியாததல்ல, பிடிக்கவில்லை. 1984 அக்டோபரில் கொன்சாலெஸ் பத்து அம்சங்களை நாடாளுமன்றத்தில் வைத்தபோது, நேட்டோவில் நீடிப்பது அதில் இருந்தது. 1986-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். அதில் 'ஆம்' கேட்டுத் தெருத் தெருவாகப் போகப் பிரதமருக்கு ஓர் அமைச்சர் வேண்டும். மனதுக்குள் 'இல்லை' என்று நினைப்பவரை வைத்து அதை நடத்த முடியாது.

கட்சியில் ஒரு கோஷ்டி பின்னால் இருந்திருந்தால் மொரானைத் தொட யோசித்திருப்பார்கள். அவருக்கு அப்படி யாரும் இல்லை. அதிகாரியாக இருந்து அமைச்சராகிறவர்களின் பலவீனம் இங்கேதான். கோப்பு தெரியும், எதிராளி தெரியும். ஆனால் தொகுதி, தொண்டன், கோஷ்டி கிடையாது. பிரதமர் தயவு இருக்கும்வரைதான் நாற்காலி.

ஜோக்குகள் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் மாட்ரிட்காரர்கள் சிரிப்பார்கள். 1983 முதல் நாடு முழுக்க 'மொரான் ஜோக்' அலை. எதுவும் விளங்காத அப்பாவியாக அவரை வைத்து மதுக்கடையிலும் பள்ளிக்கூடத்திலும் சொல்லிச் சிரித்தார்கள். தொகுத்துப் புத்தகமாகவே விற்றார்கள். சர்தார்ஜி ஜோக்கில் பெயரை மட்டும் மாற்றிச் சொல்வது போலத்தான். பல மொழி அறிந்த, நாவலும் ஆய்வும் எழுதிய மனிதர்! மெதுவாக, இழுத்து, யோசித்துப் பேசுவார். அவ்வளவுதான் குற்றம். தொலைக்காட்சி அரசியலுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலத்தில், வாக்கியத்தை முடிக்க நேரம் எடுப்பவன் முட்டாளாகத் தெரிவான். பிரதமர் வட்டத்துக்கும் அந்தச் சிரிப்பு வசதியாக இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பதவி போனதும் அவர் சண்டை போடவில்லை. ஐ.நா.வுக்கான தூதராக நியூயார்க் போனார். நான் முதலில் சொன்ன இரு பக்கக் கதவு இதுதான். 1986 மார்ச் வாக்கெடுப்பில் 'ஆம்' 52.5 சதவீதம் வாங்கி ஜெயித்தது. ராணுவக் கட்டமைப்பில் இணையக்கூடாது, அணு ஆயுதம் கூடாது, அமெரிக்கப் படை குறைய வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகளில் மொரானின் பழைய எழுத்தின் வாடை அடிக்கிறது என்பேன். 1987-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு ஸ்பெயினில் நடந்த முதல் தேர்தலில் கட்சிப் பட்டியலின் முதல் பெயர் அவருடையது. ஜோக்குக்கு ஆளானவரைத் தலையில் வைத்து ஓட்டுக் கேட்டார்கள், ஓட்டும் விழுந்தது! 1999 வரை அங்கே இருந்தார். 1990-இல் வந்த அவர் நினைவுக் குறிப்பின் தலைப்புக்குத் தமிழில் 'தன் இடத்தில் ஸ்பெயின்' என்று பொருள்.

1999-இல் எழுபத்து மூன்று வயதில் மாட்ரிட் மேயர் தேர்தலில் நின்றார். பழைய நண்பர் தியர்னோ கால்வான் இறக்கும்வரை இருந்த நாற்காலி அது. வலதுசாரியான ஆல்வாரெஸ் டெல் மன்சானோவிடம் தோற்றார். அதன்பின் ஒதுங்கிவிட்டார். 2020 பிப்ரவரி 19 அன்று, 93 வயதில், மாட்ரிட்டில் காலமானார். இரங்கல் குறிப்புகளில் ஐரோப்பாவும் இருந்தது, ஜோக்குகளும் இருந்தன.

கடைசியாக அந்த வேலி. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதும் ஜிப்ரால்டர் எல்லையில் மறுபடி சிக்கல். தினமும் சுமார் 15,000 தொழிலாளர்கள் கடக்கும் இடம் அது. பல ஆண்டு பேச்சுக்குப் பிறகு 2025 ஜூன் 11 அன்று, வேலியையே அகற்றுவதற்கான அரசியல் உடன்பாட்டை பிரஸ்ஸல்ஸில் எட்டினார்கள். மொரான் மாட்ரிட் அரண்மனையில் கையெழுத்திட்டு நாற்பது ஆண்டு நிறைய ஒரு நாள் குறைவு. ஸ்பெயின் சார்பில் அங்கே இருந்தவர் அல்பாரெஸ். அவரும் தேர்வு எழுதி உள்ளே வந்தவர்தான்.